சொல்லின் எல்லையைக் காத்த நீதிபதி
ஜஸ்டிஸ் சையிது மஹ்மூது (1850 – 1903)



ஒவ்வோர் ஆண்டும் இம்மலரில் சமுதாயத்திற்குத் தொண்டாற்றிய பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைத் தருவது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டிருப்பது, இந்தியாவில் உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்த முதல் முஸ்லிமாகிய ஜஸ்டிஸ் சையிது மஹ்மூது அவர்களின் வரலாறாகும். அவருடைய தந்தையார் சர் சையிது அஹ்மது கான் அவர்களை அறியாதார் இல்லை. ஆயினும் மகனாரின் பெயர் சட்டம் பயின்றோர் வட்டத்தைத் தாண்டி நம்மிடையே பரவவில்லை. அவர் எழுதிய தீர்ப்புகளோ நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாட்டு நீதிமன்றங்களில் எடுத்தாளப்பட்டு வருகின்றன.

நம் தேவாரத்திலிருந்து நிலத் தகராறு, ஏலத்தோட்டத் தகராறு, குடும்ப வழக்கு என்று உத்தமபாளையம் நீதிமன்றத்தின் படியேறியவர்கள் பலர் உள்ளனர். அங்கே தோற்றவர் தேனி மாவட்ட நீதிமன்றத்திற்கும், அங்கும் தோற்றவர், 2004-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், மதுரையில் உள்ள உயர்நீதிமன்றக் கிளைக்கும் செல்கின்றனர். மேலே செல்லச் செல்ல வழக்கின் தன்மை மாறுவதை அவர்கள் கண்டிருப்பார்கள். கீழே விசாரணை நீதிமன்றத்தில், நடந்தது என்ன என்பதே பெரும்பாலும் கேள்வி. சாட்சிகள் கூண்டில் ஏறுகின்றனர். மேல்முறையீட்டிலோ சாட்சிகளைப் பெரும்பாலும் காண இயலாது. சட்டத்திலோ, பத்திரத்திலோ, வாக்குமூலத்திலோ உள்ள ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதே அங்கே பெரும் வாதமாகிவிடுகிறது. அந்தச் சொல்லின் பொருளில் ஒருவனுடைய உயிரோ, சொத்தோ, சுதந்திரமோ தொங்கிக்கொண்டிருக்கும். அத்தகைய சொற்களை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் சையிது மஹ்மூது.

பிறப்பும் கல்வியும்

அவர் 1850-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் டெல்லியில் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதித்துறையில் பணியாற்றி வந்தமையால் வழக்கு, தீர்ப்பு, சாட்சியம் என்னும் சொற்கள் அவருடைய காதில் சிறு வயதிலேயே விழுந்துகொண்டிருந்தன. அரபு, பாரசீக மொழிகளை மரபு வழியிலும், ஆங்கிலத்தைப் பள்ளி, கல்லூரி வழியிலும் கற்றார். காசியில் உள்ள குயின்ஸ் கல்லூரியில் பயின்று, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறினார்.

1869-ஆம் ஆண்டு அரசின் உதவித்தொகை பெற்று, தந்தையாருடனும் தமையனாருடனும் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிலும், லண்டன் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்திலும் பயின்று, 1872-இல் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே தாயகம் திரும்பி, அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். மறு ஆண்டு, தாம் நேரில் கண்ட கேம்பிரிட்ஜின் அமைப்பைப் பின்பற்றி முஸ்லிம்களுக்கான கல்லூரி ஒன்றின் திட்டத்தை அவர் வகுத்துக் கொடுத்தார். அலிகரில் 1875-இல் பள்ளியாகத் தொடங்கி, பின்னர் கல்லூரியாகி, 1920-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தின் வரலாற்றில் அத்திட்டத்திற்கு இடம் உண்டு.

1879-இல் அவத் பகுதியில் மாவட்ட நீதிபதியாக நியமிக்கப்பட்டார். 1882-இல், தமது 32-ஆம் வயதில், அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் தற்காலிக நீதிபதியாக அமர்த்தப்பெற்றார். பின்னரும் சிலமுறை அவ்வாறே அமர்ந்து, 1887-இல் நிரந்தர நீதிபதியானார். நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதியாக சர் டி. முத்துசாமி ஐயர் அமர்ந்திருந்த காலமும் அதுவே.

சட்டம் மௌனமாக இருந்தால்

உயர்நீதிமன்றத்தில் அமர்ந்த அதே 1882-ஆம் ஆண்டில், நர்சிங் தாஸ் என்பவருக்கும் மங்கள் துபே என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில் மஹ்மூது அவர்கள் உரைத்த கோட்பாடு ஒன்று இன்றும் நிலைத்து நிற்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு வழிமுறை வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்பதாலேயே அது தடுக்கப்பட்டது என்று நீதிமன்றங்கள் கருதலாகாது. சட்டம் தடுத்திருக்கிறது என்று காட்டப்படும் வரையில் அது அனுமதிக்கப்பட்டதாகவே கொள்ளப்பட வேண்டும் என்பது அக்கோட்பாடு.

இதன் பயன் எளியவனுக்கே மிகுதி. எழுதியோர் எல்லா நிலைமைகளையும் முன்கூட்டி நினைத்துப் பார்த்திருக்க இயலாது. சட்டத்தில் ஒரு வரி இல்லை என்று சொல்லி நியாயம் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பிவிடுவது அதிகாரிகளுக்கு எளிது. அந்த வழியை மஹ்மூது அடைத்தார். உலக விவகாரங்களில் தடை வராத வரை அனுமதியே மூலம் என்னும் ஃபிக்ஹு விதியை அறிந்த நம் ஆலிம்களுக்கு இந்தச் சிந்தனை பழக்கமானதே. 2011-ஆம் ஆண்டிலும் உச்சநீதிமன்றம், வாபஸ் பெறும் மனுவை வாபஸ் பெறலாமா என்ற கேள்வி எழுந்த ஒரு வழக்கில், இத்தீர்ப்பை எடுத்தாண்டே முடிவு கூறியது.

பேச இயலாத பெண்ணின் கையசைவு

மௌனமான சட்டத்தில் இத்துணை தாராளம் காட்டிய அவர், சட்டம் ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அச்சொல்லை நீட்டுவதற்கு எளிதில் உடன்படவில்லை. இதற்குச் சான்று 1885-ஆம் ஆண்டின் அப்துல்லா வழக்கு.

துலாரி என்ற பெண்ணின் கழுத்து அறுக்கப்பட்டிருந்தது. நினைவு இருந்தது, பேச்சு இல்லை. உன்னை வெட்டியது யார் என்று கேட்டு, ஒவ்வொரு பெயராகச் சொன்னபோது, அவள் கையை அசைத்து மறுத்தும் ஒப்பியும் காட்டினாள். அப்துல்லாவின் பெயர் சொல்லப்பட்டபோது அவள் காட்டியது ஒப்புதல் சைகை. பின்னர் அவள் இறந்துபோனாள். இறந்தவர் தம் மரணத்தின் காரணம் பற்றிக் கூறியதைச் சாட்சியமாக ஏற்கும் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, எழுத்து அல்லது வாய்மொழிக் கூற்று என்று குறிப்பிடுகிறது. கையசைவு வாய்மொழி ஆகுமா என்பதே ஐந்து நீதிபதிகள் கொண்ட முழு அமர்வின் முன் நின்ற கேள்வி.

தலைமை நீதிபதி பெத்தரமும் மற்ற மூவரும், கேட்கப்பட்ட கேள்வியையும் காட்டப்பட்ட சைகையையும் சேர்த்துப் பார்த்தால் அது வாய்மொழிக் கூற்றே என்றனர். மஹ்மூது ஒருவர் மாறுபட்டார். வாய்மொழி என்பது சொல்லால் அமைவது. அச்சொல்லுக்குள் சைகையை நுழைக்க முடியாது என்றார். அதனால் அந்தப் பெண்ணின் சாட்சியம் வீணாகட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. குற்றத்திற்கு ஆளானவரின் நடத்தையைச் சாட்சியமாக ஏற்கும் 8-ஆம் பிரிவு அதே சட்டத்தில் இருப்பதை எடுத்துக்காட்டி, அந்தக் கையசைவை நடத்தை என்ற வகையில் ஏற்கலாம் என்றார். நியாயம் நுழைய வேறொரு வாசல் திறந்திருக்கும்போது, சொல்லின் சுவரை இடிப்பானேன் என்பது அவருடைய நோக்கு.

இவ்வழக்கில் நிலைத்தது பெரும்பான்மையோரின் கருத்தே. 2012-இல் டெல்லிப் பேருந்தில் கொடுமைக்கு ஆளாகி இறந்த மாணவி சைகையாலும் எழுத்தாலும் அளித்த மரண வாக்குமூலத்தை 2017-இல் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் எழுத்து அல்லது வாய்மொழி என்ற பழைய சொற்களே தொடர்கின்றன. எனினும் இக்கேள்வி எழும் இடங்களில் மஹ்மூதின் மாறுபட்ட தீர்ப்பையும் சட்ட மாணவர்கள் சேர்த்தே படிக்கின்றனர்.

ஆமீன் வழக்கு

அதே 1885-இல் வந்த ரமளான் என்பவரின் வழக்கு நம் ஜமாஅத்தார்கள் அனைவரும் அறிய வேண்டியது. பள்ளிவாசல் ஒன்றில் கூட்டுத் தொழுகையின்போது சிலர் ஆமீன் என்பதைச் சத்தமாகக் கூறினர். மெதுவாகக் கூறும் வழக்கமுடையோர் இதனை எதிர்த்தனர். சத்தமாகக் கூறியவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டு, வணக்கத்தில் ஈடுபட்டிருக்கும் கூட்டத்திற்கு வேண்டுமென்றே இடையூறு விளைவித்தல் என்னும் தண்டனைச் சட்டத்தின் 296-ஆம் பிரிவின்படி தண்டிக்கப்பட்டனர்.

முழு அமர்வில் பெரும்பான்மை நீதிபதிகள், இடையூறு நடந்ததா, வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்னும் விவரங்களை மீண்டும் விசாரிக்க வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினர். மஹ்மூது இங்கும் தனித்து நின்றார். இடையூறு என்ற சொல்லுக்குப் பொருள் காண வேண்டுமானால், அந்த இடத்தில் எது வணக்கம் என்பதை முதலில் அறிய வேண்டும். பள்ளிவாசலில் எது வணக்கம் என்பதைச் சொல்வது இஸ்லாமியச் சட்டம். அதனை நீதிமன்றம் தானே அறிந்துகொள்ளக் கடமைப்பட்டது என்பது அவர் வாதம். அரபு நூல்களைத் தாமே எடுத்துப் படித்து, இமாம்களின் கருத்து வேறுபாட்டை விளக்கினார். சத்தமாகக் கூறுவதா, மெதுவாகக் கூறுவதா, எது சிறந்தது என்று அவர் தீர்ப்பு வழங்கவில்லை. அது தம் வேலை அன்று என்பதை அவர் அறிந்திருந்தார். பள்ளிவாசல் எல்லா முஸ்லிம்களுக்கும் உரியது. அங்கே ஒருவர் உள்ளத் தூய்மையுடன் தொழுகையின் பகுதியாக ஆமீன் கூறுவது, பக்கத்தில் நிற்பவருக்குப் பிடிக்கவில்லை என்பதால் மட்டும் குற்றமாகாது என்பதே அவர் சொன்னது. தொழுகையைக் கெடுக்க வேண்டும் என்ற தீய நோக்கத்துடன் கூச்சலிடுபவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

நான்கு ஆண்டுகள் சென்றபின், 1889-இல், அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு, பள்ளிவாசல் எந்த ஒரு பிரிவினருக்கும் மட்டும் உரியதன்று என்றும், ஆமீனைச் சத்தமாகக் கூறுவோரும் அங்கே தொழ உரிமையுடையோர் என்றும் முடிவு கூறியது. தனித்து எழுதப்பட்டது பின்னர் அனைவரின் தீர்ப்பாயிற்று. நம் தமிழகத்து ஊர்களிலும் இத்தகைய வேறுபாடுகளால் காவல் நிலையம் வரை சென்ற வருத்தமான நிகழ்ச்சிகள் உண்டென்பதால், இதனை இங்கே சற்று விரிவாகவே எழுதினோம்.

மஹரும் மூல நூலும்

1886-இல் அப்துல் காதிர் என்பவர் தம் மனைவி சலீமாவைச் சேர்ந்து வாழச் செய்யக் கோரி வழக்குத் தொடுத்தார். மஹர் தரப்படவில்லை என்பது மனைவியின் பதில். அக்காலத்தில் நீதிமன்றங்கள் ஹிதாயா நூலை ஹாமில்டன் துரையின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தே இஸ்லாமியச் சட்டம் உரைத்து வந்தன. அம்மொழிபெயர்ப்போ அரபியிலிருந்து நேரே செய்யப்பட்டதன்று. பாரசீக வழியாக வந்தது. இருமுறை கைமாறிய சொற்களை நம்பி ஒரு குடும்பத்தின் விதியைத் தீர்மானிக்க மஹ்மூது விரும்பவில்லை. அரபு மூலத்திற்குச் சென்று விரிவான தீர்ப்பு எழுதினார். மஹர் நிலுவை என்பதாலேயே கணவனின் வழக்கு அடியோடு தள்ளுபடியாகாது. அதே நேரத்தில் மஹரைச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் தீர்ப்பு தரப்படும் என்பது முடிவு. மற்ற நீதிபதிகளும் உடன்பட்டனர். நிக்காஹ் என்பது ஓர் உடன்படிக்கை என்று அவர் இத்தீர்ப்பில் விளக்கியது புகழ்பெற்றது. அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்த சர் ஷா முஹம்மது சுலைமான் 1933-இல் ஒரு வழக்கில், அது வெறும் உடன்படிக்கை மட்டுமன்று, மார்க்கத்தின் புனிதமும் அதற்கு உண்டு என்று இக்கருத்தை நிறைவு செய்தார்.

சிறையில் இருப்பவன் எவ்வாறு வருவான்?

அவருடைய தீர்ப்புகளில் மனத்தை மிகவும் தொடுவது 1891-ஆம் ஆண்டின் போப்பி வழக்கு. சிறையிலிருந்து மேல்முறையீடு செய்யும் ஏழைக் கைதிக்கு வழக்கறிஞர் இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆவணங்களைப் பார்வையிட்டு, முறையீட்டாளரையோ அவர் வழக்கறிஞரையோ, அவர் வந்திருந்தால், கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வாசகம். கைதி வரவில்லை, ஆகவே ஆவணங்களைப் படித்து முடிவு செய்தால் போதும் என்றது தலைமை நீதிபதி சர் ஜான் எட்ஜ் தலைமையிலான பெரும்பான்மை.

வந்திருந்தால் என்ற சொல்லை மஹ்மூது வேறு விதமாகப் படித்தார். வர இயன்றவனைப் பற்றியே, அவன் வந்தான், வரவில்லை என்று பேச முடியும். அரசே பூட்டி வைத்திருப்பவனை, நீ வரவில்லை என்று குறை கூறி, கேட்கப்படும் உரிமையைப் பறிப்பது அந்தச் சொல்லின் பொருளாகாது. ஆவணத்தைப் படிப்பதும் மனிதனைக் கேட்பதும் ஒன்றல்ல. சட்டம் இரண்டையும் தனித்தனியே சொல்லியிருக்கிறது என்று அவர் எழுதினார். அன்று அவர் தோற்றார். பின்னர் 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 384-ஆம் பிரிவு, சிறையிலிருந்து வரும் மேல்முறையீட்டை, கைதிக்குத் தம் தரப்பைக் கூற நியாயமான வாய்ப்புத் தராமல் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யலாகாது என்று, சில விலக்குகளுடன், விதித்தது. அவருடைய மறுப்பு எழுதப்பட்டு 82 ஆண்டுகள் கழித்து அதன் கருத்துக்குச் சட்டத்தில் ஓரளவு இடம் கிடைத்தது.

பதவி துறப்பும் இறுதிக் காலமும்

ஒருவரின் வரலாற்றை எழுதும்போது நிறையை மட்டும் எழுதுவது முறையாகாது. மஹ்மூதின் தீர்ப்புகள் நீண்டவை, ஆகவே தாமதமானவை. தீர்ப்புக்காகக் காத்திருக்கும் வழக்காடிக்குத் தாமதமும் ஒரு துன்பமே. மதுப்பழக்கமும் அவரைப் பற்றிக்கொண்டது. தலைமை நீதிபதி எட்ஜுடன் பிணக்கு முற்றியது. அவரைப் பற்றிய முறையீடு அரசுக்குச் சென்றது. 1893-ஆம் ஆண்டு, 43-ஆம் வயதில், அவர் பதவியைத் துறந்தார். நல்ல நிலையில் இருந்திருந்தால் இன்னும் பல ஆண்டுகள் நீதி வழங்கியிருக்க வேண்டிய அறிவு அவ்வாறு பாதியில் நின்றுபோயிற்று.

பதவி துறந்தபின் 1895-இல் இந்தியாவில் ஆங்கிலக் கல்வியின் வரலாற்றைப் பெருநூலாக எழுதி வெளியிட்டார். 1898 மார்ச் மாதம் தந்தையார் மறைந்தபின் அலிகர் கல்லூரியின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. உடல் நலமும் மன நலமும் குன்றியிருந்தமையால் 1899-இன் தொடக்கத்தில் அதுவும் அவரைவிட்டுச் சென்றது. 1903-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் சீதாப்பூரில் காலமானார். அலிகர் பள்ளிவாசல் வளாகத்தில் தந்தையாரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய புதல்வர் சர் ராஸ் மசூது பிற்காலத்தில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார்.

நமக்கு விட்டுச் சென்றது

தாம் அமர்ந்த ஆயத்தில் பலமுறை தனித்து நின்ற நீதிபதி அவர். வழக்கில் தோற்ற கருத்தை எதற்காக இத்துணை விரிவாக எழுத வேண்டும் என்று அவர் காலத்திலேயே சலித்துக்கொண்டோர் உண்டு. ஆனால் எழுதி வைக்கப்பட்டமையால்தான் ஆமீன் வழக்கின் நியாயம் நான்கு ஆண்டுகளில் ஏற்கப்பட்டது. சிறைக் கைதிக்காக அவர் கேட்ட நியாயம் சட்டமாகும் வரை மறக்கப்படாமல் கிடந்தது. அப்துல்லா வழக்கில் அவர் கருத்து வெல்லவில்லை. அதிலும், சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நினைவூட்டும் பணியை அது செய்துகொண்டிருக்கிறது.

நம் ஜமாஅத்திலும் சொற்கள் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. நிக்காஹ் தஃப்தரில் மஹர் தொகை எழுதப்படுகிறது. வக்ஃபுப் பத்திரத்தில் சொத்தின் நோக்கம் எழுதப்படுகிறது. பஞ்சாயத்தின் முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது. எழுதியவர்களும் கையொப்பமிட்டவர்களும் மறைந்தபின், அறியாத ஒரு நீதிபதி அந்தச் சொற்களை மட்டுமே வைத்துக்கொண்டு முடிவு கூற வேண்டிய நாள் வரலாம். உடனே தரப்பட்டதா, நிலுவையா என்று மஹரின் பக்கத்தில் ஒரு சொல் சேர்த்து எழுதுவதற்கு அதிக நேரம் ஆகாது. வக்ஃபு செய்தவரின் விருப்பத்தை ஐயத்திற்கு இடமின்றி எழுதுவதும் அத்தகையதே. விசாரணைக்கு வர இயலாத நிலையில் உள்ள தரப்பினர், குறிப்பாக வெளிநாட்டில் உழைப்போரும் வீட்டுப் பெண்களும், வரவில்லை என்பதாலேயே கேட்கப்படாமல் போகலாகாது. அவர்கள் தரப்பைக் கேட்டுப் பதிந்தோம் என்ற ஒரு வரி நம் தீர்மானப் புத்தகத்தில் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறோம்.

வல்ல அல்லாஹ் மர்ஹூம் சையிது மஹ்மூது அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்கள் ஆற்றிய நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.